நான்கு நோய், நான்கு டாக்டர், இறங்காத பிரஷர்: இன்னொரு மாத்திரைதான் வழியா?

பிப்ரவரி 3, கேள்வி

அப்பாவுக்கு 71 வயது. பிரஷர் பல வருடமாக இருக்கிறது. அதோடு சுகர், மூட்டுவலி. இப்போது கிட்னியும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். மாத்திரையை எல்லாம் நேரத்துக்குப் போடுகிறார். ஆனாலும் போகும்போதெல்லாம் மேல் எண் 160, 165 என்றுதான் காட்டுகிறது. அடுத்த முறை நான்காவது பிரஷர் மாத்திரை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோய் முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்?

பிப்ரவரி 3, இரவு

முற்றிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சுகர் பார்க்கும் செவிலியராகப் பல வருடம் வேலை செய்தவள் நான். என் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட இதே நோய்கள்தான். அதனால் முதலில் ஒரு கேள்வி: மூட்டுவலிக்கு அப்பா என்ன போடுகிறார்?

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் கிட்னியை உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்யும். பிரஷர் ஏறும். அதோடு நிற்காது, ஏற்கெனவே போடும் பிரஷர் மாத்திரையின் வேலையையும் அது மழுங்கடிக்கும். முக்கியமாக, நீர் பிரியும் மாத்திரையும் 'ப்ரில்', 'சார்டன்' என்று பெயர் முடியும் மாத்திரைகளும் இதனால் பலம் இழக்கும். நீர் மாத்திரை, சார்டன், வலி மாத்திரை மூன்றும் ஒரே ஆளின் வயிற்றில் சேர்ந்தால் கிட்னி திடீரென்று செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது. உங்கள் அப்பாவுக்குக் கிட்னி ஏற்கெனவே குறைந்திருக்கிறது என்கிறீர்கள். அதனால்தான் இதை முதலில் கேட்கிறேன்.

பிப்ரவரி 4

கேட்டவரின் பதில் வந்துவிட்டது. அப்பா தினமும் வலி மாத்திரை போடுகிறாராம், தானே வாங்கி. எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை, "அது பிரஷர் மாத்திரை இல்லையே" என்றாராம்.

இதற்காக அவரைத் திட்டாதீர்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சீட்டில் எழுதியதை மட்டும்தான் சொல்வார்கள். வலிக்கு, சளிக்கு, தூக்கத்துக்கு என்று தாமாக வாங்குவதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். "வலி வந்தால் என்ன செய்வீர்கள்? மூக்கடைத்தால் என்ன போடுவீர்கள்?" என்று தனித்தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும். மூக்கடைப்பு மாத்திரையும் சும்மா இல்லை. சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் இரத்தக் குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றக்கூடியவை.

வலி மாத்திரையை நிறுத்து என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடவும் கூடாது. வலி தாங்காத மனிதர் திரும்ப அதைத்தான் தேடுவார். மேலே பூசும் மருந்து, மூட்டுக்கான உடற்பயிற்சி, எடை, தேவைப்பட்டால் பாரசிட்டமால் என்று ஒரு மாற்று வழியை டாக்டரிடம் சேர்த்தே கேளுங்கள்.

பிப்ரவரி 5, காலை

பாரசிட்டமாலை நேற்று ஒரு சொல்லில் விட்டுவிட்டேன், அது போதாது. அது மற்ற வலி மாத்திரைகளை விடக் கிட்னிக்கு நல்லது, உண்மைதான். ஆனால் உயர் பிரஷர் உள்ளவர்களுக்குத் தினமும் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. மேல் எண் சராசரியாக 5 அளவுக்கு ஏறியிருந்தது. எப்போதாவது ஒன்று போடுவதற்குப் பயப்பட வேண்டாம். தினசரி முழு அளவில் போடுபவர்கள் மட்டும் பிரஷரைக் கவனியுங்கள்.

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரையைத் தவிருங்கள். நுரை வருவதற்கே சோடியம்தான் சேர்க்கிறார்கள். சிலவற்றில் ஒரு மாத்திரைக்கு 400 மில்லிகிராம் சோடியம் வரை இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு மாத்திரை போட்டால் அதுவே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

பிப்ரவரி 5, மாலை

இப்போது பை. வீட்டில் இருக்கும் அத்தனை மருந்தையும் ஒரே பையில் போடுங்கள். நிறுத்தியது, பாதி மிச்சம் இருப்பது, பக்கத்து வீட்டார் கொடுத்தது, சொட்டு மருந்து, களிம்பு, மூலிகைப் பொடி எல்லாமே. கம்பெனி வைத்த பெரிய பெயரைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள்.

ஒரு வீட்டில் இதய டாக்டர் டெல்மிசார்டன் எழுதியிருந்தார், கிட்னி டாக்டர் லோசார்டன் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டு டாக்டர்களும் தத்தம் கணக்கில் சரியாகத்தான் எழுதினார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறது என்று படுத்தே இருந்தார். சார்டனையும், கிட்டத்தட்ட அதே வழியில் வேலை செய்யும் ப்ரிலையும் சேர்த்தால் நன்மை கூடுமா என்று பெரிய அளவிலேயே சோதித்திருக்கிறார்கள். டெல்மிசார்டனையும் ராமிப்ரிலையும் சேர்த்துக் கொடுத்த அந்த ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. கூடுதல் நன்மை இல்லை, பிரஷர் அதிகமாகத் தாழ்வதும் கிட்னிக் கோளாறும் கூடின.

மருந்து கொடுக்கும் மருந்தாளுநரிடம் அந்தப் பையைக் காட்டிக் கேளுங்கள். மோதும் மருந்துகளைக் கண்டுபிடிக்கப் பல வீடுகளில் அவர்தான் முதல் ஆள்.

பிப்ரவரி 7

"மெஷினில் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு எண்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அளக்கும் முறைதான் காரணமாக இருக்கும்.

அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் ஒரு மேசைமேல். சட்டைக் கைக்கு மேல் சுற்றக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கும்போது அளக்கக் கூடாது. பேசக் கூடாது. இதுதான் எல்லோரும் மீறுவது, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே "ஐயோ ஏறுதே" என்பார்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷரையும் காட்டும். முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து, அதிகம் காட்டும் கையையே பிறகு பயன்படுத்துங்கள்.

ஒரு வாரம் காலையும் மாலையும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி. ஆஸ்பத்திரியில் 140/90 என்பதற்கு வீட்டில் சமமானது 135/85. நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களுக்குத் தானியங்கி மெஷினை நம்ப முடியாது, அவர்களுக்குக் காதில் கேட்டு அளக்கிற பழைய முறைதான்.

பிப்ரவரி 8

நின்றும் அளக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சுகர் பல வருடம் இருந்தால் இரத்தக் குழாயைச் சுருக்கி விரிக்கும் நரம்பும் பழுதாகும். உட்கார்ந்தால் 160, எழுந்ததும் 125 என்று இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் மாதிரி மருந்தும் இதைக் கூட்டும். இப்படிப்பட்டவருக்கு உட்கார்ந்த எண்ணை மட்டும் வைத்து மாத்திரை கூட்டினால் அடுத்தது கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவுதான்.

பிப்ரவரி 11

அம்மாவின் கதையைச் சொல்லச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நீளமாக இருக்கும்.

அம்மாவுக்கு இரத்தக் குழாயை விரிக்கும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைத் தொடங்கினார்கள். பிரஷர் நன்றாக இறங்கியது. அப்புறம் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. அம்மா வேறொரு டாக்டரிடம் போனபோது வீக்கத்தைக் காட்டினார். அவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். வீக்கம் வற்றவில்லை. அளவைக் கூட்டினார்கள். இரவெல்லாம் கழிப்பறைக்கு நடை, தூக்கம் போனது. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை வந்தது. நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறி ஒரு நாள் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறினார். அதற்கு வலி மாத்திரை. வலி மாத்திரையால் பிரஷர் ஏறியது. பிரஷர் ஏறியதால் அம்லோடிபினைக் கூட்டச் சொன்னார்கள். வட்டம் முழுதாகிவிட்டது.

இதில் யாரும் தவறான மருந்து எழுதவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் தெரிந்த ஒன்றுக்குச் சிகிச்சை செய்தார்கள். அந்தப் புதுத் தொல்லையே முந்தைய மாத்திரையின் விளைவா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அம்லோடிபின் வீக்கம் உடம்பில் நீர் கூடுவதால் வருவதில்லை. நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிவதால் வருகிறது. அதனால்தான் நீர் மாத்திரை அதைச் சரியாகக் கரைப்பதில்லை. அளவைக் குறைப்பது, அல்லது ஒரு ப்ரில் அல்லது சார்டன் சேர்ப்பது, இவைதான் அந்த வீக்கத்தைக் குறைக்கும்.

கடைசியில் ஒரு பொது மருத்துவர் எல்லாச் சீட்டையும் தேதிவாரியாக மேசையில் அடுக்கச் சொன்னார். எந்த மாத்திரை எப்போது வந்தது, எந்தத் தொல்லை எப்போது வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்லோடிபினைக் குறைத்து லோசார்டன் சேர்த்தார். லோசார்டனுக்கு யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கும் குணமும் உண்டு. நீர் மாத்திரை, தூக்க மாத்திரை, வலி மாத்திரை மூன்றையும் ஒவ்வொன்றாக விலக்கினார். அம்மா அதற்குப் பிறகுதான் இரவு முழுக்கத் தூங்கினார். அந்த மருத்துவர் மேல் எனக்கு இன்றும் தீராத மரியாதை.

புதிதாக எது வந்தாலும், இருமலோ வீக்கமோ தலைசுற்றலோ மலச்சிக்கலோ, முதலில் கேட்க வேண்டியது "சமீபத்தில் எந்த மாத்திரை தொடங்கினோம்?" என்பதுதான். ப்ரில் மாத்திரையால் வரும் வறட்டு இருமலுக்கு இருமல் மருந்து குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. சார்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

பிப்ரவரி 12

யாரோ "சார்டன் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், நிறுத்திவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைக் கேட்டு நிறுத்தாதீர்கள். சுகர் உள்ளவருக்குச் சிறுநீரில் புரதம் போனால் கிட்னியைக் காப்பாற்றத் தருவதே இந்த மாத்திரைதான். தொடங்கியதும் கிரியேட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு, கொஞ்சம் ஏறும். கிட்னியின் வடிகட்டிக்குள் அழுத்தம் குறைவதால் வரும் ஏற்றம் அது. 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். தொடங்கிய ஒன்று இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் கட்டாயம் பார்க்க வேண்டும். அளவு கூட்டினால் திரும்பவும் பார்க்க வேண்டும். பொட்டாசியம் 6க்குப் போனால் நிறுத்தச் சொல்வார்கள். மாத்திரையை எழுதிவிட்டு இரத்தப் பரிசோதனையை மறப்பதுதான் ஆபத்து.

பிப்ரவரி 12, இன்னொன்று

பொட்டாசியம் என்றதும் நினைவுக்கு வந்தது. "சோடியம் குறைந்த உப்பு" வாங்கலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நல்ல பொருள்தான். சீனாவில் 600 கிராமங்களில் கால்வாசி பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் கடுமையான கிட்னி நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. கிட்னி குறைந்து, சார்டனும் போடுபவர் தானாக அந்த உப்புக்கு மாறக் கூடாது. வீட்டில் ஒருவருக்குப் பிரஷர் மட்டும், இன்னொருவருக்குக் கிட்னியும் சேர்ந்து என்றால் ஒரே உப்பு டப்பா இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

பிப்ரவரி 14

பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவதா இரவில் போடுவதா என்ற சண்டைக்கு: 2022இல் 21,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. மறக்காமல் இருக்க எது வசதியோ அதுவே நேரம்.

பிப்ரவரி 17

"120க்குக் கீழே கொண்டுவந்தால்தான் நல்லது என்று படித்தேன்" என்றவருக்கு.

நீங்கள் படித்தது 2015இல் வந்த அமெரிக்க ஆய்வாக இருக்கும். 9,300 பேருக்கு மேல் சேர்த்த பெரிய ஆய்வு, 120ஐ இலக்காக வைத்தவர்களுக்கு இதயக் கோளாறும் மரணமும் குறைந்தன, உண்மை. ஆனால் சுகர் உள்ளவர்களையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. அதில் பிரஷரை அளந்த முறையும் வேறு, ஓய்வாக உட்கார வைத்துத் தானியங்கி மெஷினில் அளந்தார்கள். அவசர வரிசையில் நிற்க வைத்து எடுக்கிற எண்ணை அதோடு ஒப்பிட முடியாது. சுகர் உள்ளவர்களிடம் 120ஐ இலக்காக வைத்த இன்னொரு ஆய்வு 2010இல் வந்தது. பக்கவாதம் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான நன்மை தெரியவில்லை. மருந்தின் தொல்லைகளும் கூடின.

இதைக் கேட்டு "அப்படியானால் விட்டுவிடலாம்" என்றும் போய்விடாதீர்கள். 1998இல் வந்த பிரிட்டன் ஆய்வில் சுகர் உள்ளவர்களில் ஒரு குழுவுக்குச் சராசரி 154/87, இன்னொரு குழுவுக்கு 144/82. மேல் எண்ணில் வெறும் 10தான் வித்தியாசம். அதற்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 150/80 என்ற எளிதான இலக்கிலேயே உயிர் காப்பாற்றப்படுகிறது என்று 2008இல் காட்டினார்கள். அதனால் 165இலிருந்து 145க்கு வருவதே பெரிய வெற்றி. அதற்குக் கீழே எவ்வளவு போகலாம் என்பது, எழுந்து நடக்கும்போது அந்த மனிதருக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

பிப்ரவரி 24

கேட்டவர் வீட்டு அளவுகளை அனுப்பியிருக்கிறார். வலி மாத்திரையை விட்டபின் வீட்டுச் சராசரி 146/82. நின்றால் 138. நான்காவது மாத்திரை எழுதவில்லையாம். ஏற்கெனவே போடுவதில் இரண்டை ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மூட்டுக்குக் களிம்பும் உடற்பயிற்சியும். வலி முன்பை விடக் கொஞ்சம் அதிகம்தான் என்று அப்பா சொல்கிறாராம்.

மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இன்னும் ஓர் அடி இறக்க வேண்டியிருக்கலாம், தேவையானால் மருந்து கூட்டுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. ஒரே மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவதை விட, வேறு இனத்தில் ஒன்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது பல மடங்கு அதிகமாக இறக்கும், தொல்லையும் குறைவு. மருந்தைக் கூட்டும் முன் காரணத்தைத் தேடுங்கள் என்பதுதான் நான் முதல் நாளிலிருந்து சொல்வது. அந்த வலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தாங்க முடியாமல் போனால் அவர் யாருக்கும் தெரியாமல் பழைய மாத்திரைக்குத் திரும்புவார்.

மார்ச் 2

"நேரத்துக்குப் போடுகிறார்" என்ற சொல்லைப் பற்றி. நீண்டநாள் நோய்க்கான மருந்தைச் சொன்னபடி போடுபவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. அலட்சியம் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த ஒருவர் வெளியே போகும் நாளில் மட்டும் நீர் மாத்திரையை விடுவார். வழியில் சிறுநீர் கழிக்க இடம் இல்லை என்பதுதான் காரணம். வெளியே போகும் நாள் அவருக்கு ஆஸ்பத்திரி போகும் நாள். அன்றைக்கு அளந்த எண்ணை வைத்துத்தான் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதே போதுமாக இருந்தது.

மனச்சோர்வும் இருக்கிறது. துணையை இழந்தபின் மாத்திரைப் பெட்டியைத் திறக்காமலே இருந்தவர்களுக்குப் பிரஷர் மாத்திரை மாற்றி என்ன பயன்? முதலில் அந்தச் சோர்வைக் கேளுங்கள். சோர்வுக்குத் தரும் மருந்துகளிலும் வென்லாஃபாக்சின் மாதிரி சில, அளவு கூடினால் பிரஷரை ஏற்றும். எழுதும் டாக்டரிடம் பிரஷர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் ஐந்து நிமிடச் சந்திப்பில் கண்டுபிடிக்க முடியாது, டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மக்கள் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்களை அனுப்பினார்கள். 2018இல் வந்த முடிவில், ஆறு மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 இறங்கியது. முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் 9 இறங்கியது. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் அளந்து பேசிய ஆய்வு 2020இல் வந்தது. அங்கே வித்தியாசம் 5தான், ஆனால் இரண்டு வருடம் நீடித்தது. வீட்டுக்குப் போகும் அந்தப் பணியாளரிடம் பிரஷர் மெஷினோடு முழு மருந்துப் பட்டியலும் இருக்க வேண்டும். வலி, தூக்கம், மனசு பற்றிக் கேட்க அவருக்கு நேரமும் கொடுக்க வேண்டும். சுகருக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர் என்று பிரித்து அனுப்புவது வீண்.

மார்ச் 3

ஆஸ்துமாவும் இருப்பவர் கேட்டதற்குச் சுருக்கமாக: இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளில் ப்ரோப்ரானலால் மாதிரியானவை மூச்சுக்குழாயைச் சுருக்கும், உங்களுக்கு வேண்டாம். இதயத்துக்காக வேறு வகை தேவைப்பட்டால் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே போடுபவர்கள் யாரும் சட்டென்று நிறுத்தாதீர்கள், நெஞ்சுவலியும் பிரஷரும் திரும்பத் தாக்கும். சுகர் இருந்து இன்சுலின் போடுபவர் என்றால், இந்த மாத்திரை சுகர் தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கும். வியர்வையை மறைக்காது. வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள்.

மார்ச் 9

வாந்தி பேதி வந்த நாளில் எல்லா மாத்திரையையும் வழக்கம்போலப் போட வேண்டுமா என்ற கேள்வி. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரையும் ப்ரில், சார்டனும் கிட்னியைத் தாக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை உடம்பில் தேங்கலாம். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புதிய சுகர் மாத்திரையால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். பல இடங்களில் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்று இரண்டு நாள் ஆனதும் மறுபடி தொடங்கச் சொல்கிறார்கள். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கு வேறு கணக்கு. அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, எப்போது போன் செய்வது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துப் பட்டியலின் பின்பக்கத்தில் இடம் இருக்கும்.